வாசலில் நிற்பவருக்கும் சொல்லுங்கள்

2020 ஏப்ரல் மாதம். ஊரடங்கு தளர்த்தப்பட்டிருந்த ஒரு காலையில், நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மருந்தெடுக்கும் அயல்வீட்டுத் தாயார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற காவலாளி எங்களை மறித்தார். “அம்மா, இண்டைக்குக் கிளினிக் இல்லை. இனி எப்ப எண்டு எனக்கும் தெரியாது. ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே வேளையில் உள்ளே, மருந்தை வீட்டுக்கு அனுப்புவதற்காக நோயாளரின் பெயரையும் விலாசத்தையும் பதிந்துகொண்டிருந்தார்கள். கிளினிக் மருந்துகளைத் தபாலிலும் அனுப்புவதற்கு அந்நாட்களில் ஏற்பாடு இருந்தது. இது எங்களுக்குத் தெரியவந்தது இரண்டு கிழமைக்குப் பிறகு, குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தபோதுதான். அதுவரை அந்தத் தாயார் இருந்த குளிசைகளை ஒன்றைவிட்டு ஒரு நாள் போட்டுச் சமாளித்திருக்கிறார்.

முகாம்களில் நிவாரண வரிசையில் நின்ற எவருக்கும் இது புதிய கதையல்ல. தீர்மானம் எங்கோ ஒரு மேசையில் எடுக்கப்படுகிறது. நாம் கேள்வி கேட்பது வாசலில் நிற்பவரிடம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சனங்கள்தான் நடந்து கழிக்க வேண்டியிருக்கிறது.

தொற்றுநோய்க் காலத்தில் இந்தத் தூரம் உயிரையே பறிக்கும். இதற்குத் தெளிவான சாட்சி கனடாவில் இருக்கிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதி நமக்கு அந்நியமான இடமல்ல. இடம்பெயர்ந்த நம்மவர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய இடம் அது. இதை வாசிக்கும் பலருக்கு அங்கே ஒரு மகனோ சகோதரியோ இருக்கக்கூடும்.

2003 பெப்ரவரியில் ஹொங்கொங்கின் ஒரு ஹோட்டலில் தங்கியவர்கள் வழியாகச் சார்ஸ் என்னும் புதிய சுவாசநோய் பல நாடுகளுக்குப் பரவியது. அங்கே தங்கித் திரும்பிய ஸ்காபரோ மூதாட்டி ஒருவர் மார்ச் 5ஆம் திகதி வீட்டிலேயே இறந்தார். அவருடைய மகன் காய்ச்சலுடனும் மூச்சு முட்டுடனும் மார்ச் 7ஆம் திகதி ஸ்காபரோ கிரேஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதே மார்ச் 7ஆம் திகதி, அதே ஹோட்டலில் தங்கியிருந்த இன்னொருவர், நாட்டின் மறுகோடியிலுள்ள வன்கூவர் பொது ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வன்கூவரில் அவரைச் சில நிமிடங்களுக்குள் மற்ற நோயாளரிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அவரிடமிருந்து ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை. ஸ்காபரோவிலோ, மகன் அவசர சிகிச்சைப் பிரிவில் மற்றவர்களோடு மணித்தியாலக் கணக்கில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலுக்கும் அவருக்கும் இடையில் ஒரு திரைச்சீலை மாத்திரமே இருந்தது. அந்த ஆஸ்பத்திரியோடு தொடர்புபட்டு 128 பேருக்கு நோய் வந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரி ஊழியர்கள்.

வன்கூவர்த் தாதியர் கெட்டிக்காரர்கள், ஸ்காபரோத் தாதியர் கவலையீனமானவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வன்கூவரின் மாகாணத்தில் நோய்த்தடுப்பு நிலையம் முன்கூட்டியே ஆஸ்பத்திரிகளுக்கு அறிவித்திருந்தது: ஆசியாவில் புதுவகைக் காய்ச்சல் ஒன்றைப் பற்றிச் செய்தி வருகிறது, அங்கிருந்து வருபவர்களைக் கவனியுங்கள் என்று. அந்தச் செய்தி வாசலில் நிற்பவர்வரை போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்காபரோவில் கட்டிலருகே நின்றவர்களுக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது?

நோய் பரவிய பின்னர் நேர்மாறான கஷ்டம் வந்தது. அறிவுறுத்தல்கள் மேலிடத்திலிருந்து கட்டுக்கட்டாக வந்தன. வந்தவை அடிக்கடி மாறின. காலையில் படித்தது மாலையில் சரிதானா என்று ஊழியருக்கே சந்தேகம். தாள்கள் நிறைய இருந்தன, ஆனால் எது கடைசித் தாள் என்பது தெரியவில்லை.

இதைவிட மோசமானது மே மாதத்தில் நடந்தது. நோய் ஒழிந்துவிட்டதென்று நம்பி அவசரகால நிலை 17ஆம் திகதி நீக்கப்பட்டது. முகக்கவசக் கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. ஆனால் வடயோர்க் பொது ஆஸ்பத்திரியில் தாதியர் சிலர், “எங்கள் நோயாளருக்குக் காய்ச்சல், இது சார்ஸ் போலிருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியொன்றுமில்லை என்று அவர்களுக்குப் பதில் கிடைத்தது. மே 23ஆம் திகதி நோய் மீண்டும் வந்துவிட்டதென அறிவிக்கப்பட்டது. மேலிருந்து கீழே செய்தி வராதது முதற் பிழையென்றால், கீழிருந்து போன செய்திக்குக் காது கொடுக்காதது இரண்டாவது. எது பெரிதென்று கேட்டால் இரண்டாவதையே சொல்வேன்.

ஒன்ராறியோ மாகாணத்தில் 44 பேர் இறந்தனர். அவர்களுள் இரு தாதியரும் ஒரு வைத்தியரும் அடங்குவர். நீதிபதி ஆர்ச்சி காம்பெல் தலைமையில் விசாரித்த ஆணையம் தந்த முக்கிய பாடம் இது: ஆபத்தைக் குறைக்கும் நடவடிக்கைக்கு விஞ்ஞான நிச்சயம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மழை வருமா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் களத்து நெல்லை மூடி வைக்கிறவர்கள் நாம். இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி நமது ஆஸ்பத்திரிகளுக்கு வருவோம். பெரிய செலவெதுவும் இதற்கு வேண்டாம். மாற்றம் வந்த அன்றே, திகதியும் நேரமும் பொறுப்பானவரின் கையொப்பமும் இட்ட ஒரே தாள் ஒட்டப்பட வேண்டும். பழைய தாள் அப்பொழுதே கிழிக்கப்பட வேண்டும். வேலைமுறை மாறும்போது அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அப்போது தாதியர் மட்டுமல்ல, துப்புரவுத் தொழிலாளியும் சாப்பாடு கொண்டுவருபவரும் அம்புலன்ஸ் சாரதியும் காவலாளியும் நிற்க வேண்டும். சுற்றுநிருபம் சிங்களத்தில் மட்டும் வந்தால் அன்றே தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். முக்கியமாக, எந்தக் கிளினிக் நிற்கிறது என்பதோடு, நின்ற கிளினிக்குக்குப் பதில் என்ன ஏற்பாடு என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். “இல்லை” என்ற சொல்லோடு நோயாளியைத் திருப்பி அனுப்பும் நிலை காவலாளிக்கு வரக்கூடாது.

நாமும் சும்மா இருக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக்களில் ஊரவர் இருக்கிறார்கள். கூட்டங்களில் கட்டிடத்தையும் கட்டிலையும் பற்றிப் பேசுவதுபோல, “மாற்றம் வந்தால் காவலாளிக்கு யார் சொல்வது?” என்றும் கேட்கலாம். பெயர் சொல்லிப் பதில் வரும்வரை அந்தக் கேள்வியை விடக்கூடாது.

அந்தத் தாயாரோடு கடைசியாகப் போனபோது அதே காவலாளிதான் நின்றார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள். அன்றைய திகதி போட்டிருந்தது. “வாசிச்சுச் சொல்லட்டோ அம்மா?” என்று அவரே கேட்டார்.