சப்ரகமுவையில் விகாரைக்குப் போகும் குடும்பங்களுக்கு

1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியா வந்த குடும்பங்கள் கோத்தகிரி, கூடலூர் பக்கம் நிறைய உண்டு. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாத்தா பாட்டி பிறந்த லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, பார்க்கச் சப்ரகமுவை மாகாணத்து இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் போய்வருகிறார்கள். அங்கே தேயிலை, ரப்பர் தோட்டங்களை ஒட்டியே சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே இருக்கும் உறவுக்காரர்கள் “பன்சலைக்கும் ஒரு எட்டுப் போய்வருவோம்” என்று பௌத்த விகாரைக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். போவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால், கும்பிடவும் முடியும், கும்பிட வந்தவர்கள் மனம் நோகாமல் இருக்கவும் முடியும்.

உடை, செருப்பு, தொப்பி

தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். வெள்ளை உடுப்பு விசேஷம். சேலை, வேட்டி, சுடிதார் எல்லாம் பொருத்தம்தான். செருப்பையும் தொப்பியையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். நடுப்பகலில் மணலும் கல்தரையும் காலைச் சுடும் என்பதால், குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் காலையோ மாலையோ நல்லது.

உள்ளே என்ன செய்வது

பெரும்பாலான விகாரைகளில் புத்தர் சிலை இருக்கும் மண்டபம், தாதுகோபுரம், அரச மரம் ஆகிய மூன்றும் இருக்கும். நம் கோவிலில் போலப் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வது இங்கே இல்லை, திருநீறும் தரமாட்டார்கள். பூவை நீங்களே படைத்து, விளக்கை நீங்களே ஏற்றி, வலமாகச் சுற்றிவந்து கும்பிட வேண்டியதுதான்.

பூ படைக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாமரை, நீல அல்லி போன்ற பூக்களைத் தட்டில் பரப்பித் தண்ணீர் தெளிப்பார்கள். பிறகு அந்தத் தட்டு பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை குடும்பத்தார் எல்லார் கையும் பட்டுத்தான் புத்தர் முன்னே போய்ச் சேரும். தொட்டவர் எல்லாருக்கும் புண்ணியத்தில் பங்கு உண்டு. படைக்கும் முன் பூவை முகரக் கூடாது. இந்தப் பூ வாடுவதைப் போலவே உடலும் அழியும் என்று நினைத்துத்தான் அதைப் படைக்கிறார்கள்.

பிக்குவைக் கண்டால் கைகூப்பி வணங்கி, “ஹாமுதுருவனே” என்று அழையுங்கள். அவர் இருக்கைக்குச் சமமாகவோ மேலாகவோ உட்காரக் கூடாது. பெண்கள் அவரைத் தொடுவதில்லை.

வேண்டுதல் எங்கே?

வேண்டுதலுக்குத் தெய்வக் கோவிலான இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்துக்குப் போனால் இன்னொரு முறையைப் பார்க்கலாம். சமன் தெய்வம் சப்ரகமுவைக்கும் சிவனொளிபாத மலைக்கும் காவல். அங்கே பழத்தட்டை வாங்கி, திரைக்கு முன் நின்று உங்கள் குறையைச் சொல்லலாம். கப்புறாளை எனப்படும் பூசாரி உங்களுக்காக வேண்டிக்கொண்டு தட்டில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார். போகிற அன்று மச்சம், மாமிசம் தவிர்ப்பது வழக்கம். போர்த்துக்கீசர் இந்தக் கோவிலை இடித்தார்கள். பின்னர் அது மறுபடி எழுந்தது. போர்த்துக்கீச வீரன் ஒருவன் வாளோடு நிற்கும் கற்சிலை அந்தக் காலத்துக்குச் சாட்சி.

போர்த்துக்கீசர் காலத்தை நினைவூட்டும் இன்னொரு இடம் குருவிட்டைக்கு அருகிலுள்ள தெல்கமுவ ராஜமகா விகாரை. போர்த்துக்கீசர் கையில் சிக்காமல் இருக்க, புத்தரின் புனிதப் பல்லை இங்கே குரக்கன் அரைக்கும் திரிகைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது வழிவழி வந்த வரலாறு. இன்று கண்டி தலதா மாளிகையில் இருப்பது அந்தப் பல்தான். கேழ்வரகைத்தான் அங்கே குரக்கன் என்கிறார்கள். திரிகையைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியே கூட்டிப் போகலாம்.

மலை ஏறுவதானால்

2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலை இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையில் நிற்கிறது. உச்சியில் இருக்கும் பாதம் பௌத்தர்களுக்குப் புத்தருடையது, நமக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. இரத்தின தீவத்தில் சமந்த மலை உச்சியில் புத்தர் பாதம் இருப்பதை மணிமேகலையும் சொல்கிறது. மலை ஏறும் பருவம் டிசம்பர் பௌர்ணமியான போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயா வரை. தொடக்கத்தில் பெல்மதுளை கல்பொத்தாவெல விகாரையிலிருந்து சமன் தெய்வத்தின் சிலையை ஊர்வலமாக மலைக்குக் கொண்டுபோவார்கள்.

இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாக ஏறும் பாதை நீளமானது, கடினமானது. பெரியவர்களும் சிறுவர்களும் இருந்தால் ஹட்டன் பக்கம் நல்லதண்ணியிலிருந்து ஏறுங்கள். அங்கேயும் படிகள் ஐயாயிரத்துக்கு மேல். உச்சியில், இதுவரை எத்தனை முறை ஏறினீர்களோ அத்தனை முறை மணி அடிக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. சிலைமேல் ஏறுவதும் சாய்வதும் பெருங்குற்றம். 2012இல் சிலைக்கு முத்தமிடுவதைப் போலப் படம் எடுத்துக்கொண்ட 3 பிரெஞ்சுப் பயணிகளுக்கு நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண் ஒருவரை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். விளையாட்டாகச் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவையுங்கள்.

எந்த நாளில் போகலாம்?

பௌர்ணமி நாளான போயா ஒவ்வொன்றும் அங்கே பொது விடுமுறை. மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும். பெரிய விகாரைகளில் கூட்டம் தாங்காது. அன்றைக்குத் தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள சிறிய பன்சலைக்குப் போங்கள். வெள்ளை உடுத்தி வந்திருக்கும் அயலவர்கள் பாயில் இடம் கொடுத்தால் மறுக்காமல் உட்காருங்கள். பிக்குவின் உபதேசம் சிங்களத்தில் இருந்தாலும், கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு வாருங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் உங்கள் உறவுக்காரர்கள் அந்த அயலவர்களோடுதான் வாழப்போகிறார்கள். நீங்கள் காட்டும் மரியாதை உங்கள் உறவுகளுக்குத்தான் பெருமை சேர்க்கும்.