குளத்து மீனுக்கு வரும் புண் நோய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய ரோகு மீனுடன் கீழ்வீட்டுப் பெண் மேலே வந்தாள். "அங்கிள், வயிற்றுப் பக்கம் சிவப்பாகப் புண் மாதிரி இருக்கிறதே, சமைக்கலாமா?" திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும். ஆனால் நறுக்கும் கையில் காயம் இருந்தால் அதன் வழியே புகக்கூடும்.

ரயில்வேயில் பாலம் பார்த்தவனுக்கு மீன் வைத்தியம் எப்படித் தெரியும் என்பீர்கள். ஒரத்தநாடு பக்கம் என் மைத்துனன் ஒரு ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு வளர்க்கிறான். என் ஓய்வுப் பணத்திலும் கொஞ்சம் அதில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்ட ஒரு விடியற்காலையில் போன் செய்தான். "அத்தான், மீன் செத்து மிதக்குது. கடைக்காரர் கொடுத்த ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து போட்டேன். அரைக் கிலோ பெர்மாங்கனேட்டும் கரைச்சு ஊத்தினேன். ஒண்ணும் கேட்கலை."

கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். ஆழம் ஒன்றரை மீட்டர். ஆக, சுமார் 6000 கன மீட்டர் தண்ணீர். பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு என்றாலே 6 கிலோ வேண்டும். அரைக் கிலோ, கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆன்டிபயாடிக் கதை இன்னும் மோசம். நோயுற்ற மீன் தீவனம் தின்னாது. மருந்தை நல்ல மீன் தின்னும், மீதி சேற்றில் இறங்கும்.

மீன்வளத் துறை அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியா எந்தக் குளத்திலும் எப்போதும் உண்டு. நெருக்கமாக மீனை விட்டு, மிஞ்சிய தீவனம் அழுகி, விடியற்காலையில் பிராணவாயு குறையும்போது மீன் தளர்கிறது. அப்போது அது உள்ளே புகுகிறது. செதிலடியில் ரத்தக் கசிவு, புண், வயிறு வீக்கம் எல்லாம் அதன் பிறகு வருபவை.

1988 மே மாதம் வங்கதேசத்திலிருந்து வடகிழக்கு மாநிலங்களுக்குள் நுழைந்து, பிறகு தெற்கே பரவிய புண் நோயிலும் முதலில் பாக்டீரியாவைத்தான் சந்தேகித்தார்கள். மூல காரணம் காளான் போன்ற அபனோமைசஸ் என்ற நுண்ணுயிர் என்பது பின்னால் தெரிந்தது. பாக்டீரியா அது திறந்த புண்ணில் குடியேறியதுதான். விரால் மீன்கள் அந்த நோயில் மிகவும் அடிபட்டன. புவனேசுவரம் நன்னீர் மீன் ஆய்வு நிலையம் அதற்காகவே 'சிஃபாக்ஸ்' என்ற மருந்தைக் கண்டுபிடித்தது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 1 லிட்டர் போதும்.

மைத்துனன் குளத்தில் முதலில் தீவனத்தை நிறுத்தினார்கள். செத்த மீன்களைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, புதுத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஏக்கருக்கு 80 கிலோ கணக்கில் சுண்ணாம்பு, அதையும் பல தவணையாக. ஒரேயடியாகக் கொட்டினால் காரம் ஏறி அம்மோனியா விஷமாகிவிடும். எந்த மருந்துக்குக் கிருமி பணியும் என்று சோதித்துப் பார்க்காமல் ஆன்டிபயாடிக் கூடாது என்றார் அதிகாரி. கொடுத்தாலும், நிறுத்திச் சில வாரம் கழித்துத்தான் மீனை விற்கலாம். குளோராம்பெனிகால், நைட்ரோபுரான் வகைகளுக்கு மீன் வளர்ப்பில் தடையே உண்டு.

பாதி மீன் போய்விட்டது. மீதியைத் தை மாதம் பிடித்தான். போட்ட பணம் திரும்பவில்லை. இப்போது குஞ்சு குறைவாக விடுகிறான், விடியற்காலையில் டார்ச்சுடன் குளக்கரையில் நின்று மீன் வாயைப் பிளந்து மேலே வருகிறதா என்று பார்க்கிறான்.

தில்லிக்கு வரும் ரோகு, கட்லாவில் நிறைய ஆந்திராவின் கொல்லேறு பக்கத்துக் குளங்களிலிருந்து ஐஸில் வருபவை. வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். செதிலடியில் ரத்தத் திட்டு இருந்தால், கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.