இமொஜென்: ஒரு கைத்தவறின் வம்சாவளி

பெயரை அப்பா வைப்பார், தாத்தா வைப்பார், சாமி பேரில் வைப்பார்கள், சினிமா பார்த்து வைப்பார்கள். யாருமே வைக்காத ஒரு பெயர் உண்டா? இங்கிலாந்தில் இன்று பல ஆயிரம் பெண்கள் தாங்கியிருக்கும் இமொஜென் என்ற பெயர் கிட்டத்தட்ட அப்படிப்பட்டது. 1623க்கு முன்னால் இந்த வடிவத்தில் இது ஒரு பெண்ணின் பெயராக வழங்கியதற்குத் தடயம் இல்லை. அந்த வருஷம் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பெரிய அளவுத் தொகுப்பாக, அவர் செத்து ஏழு வருஷம் கழித்து, அச்சாகின. அதில் கடைசியாக இடம்பெற்ற ‘சிம்பலின்’ நாடகத்தில் அரசனின் மகளுக்கு இந்தப் பெயர் இருக்கிறது. அதற்கு முன்பு அந்த நாடகம் தனி நூலாக வந்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதி இல்லாததால், அந்த அச்சுப்படி சொன்னதே வேதவாக்காகிவிட்டது.

ஆனால் நாடகத்தை மேடையில் பார்த்த ஒருவர் வேறு பெயர் சொல்கிறார். சைமன் ஃபோர்மன் என்ற லண்டன் சோதிடர், வைத்தியமும் பார்த்தவர். 1611இல் இறந்துபோனார். தான் பார்த்த நாடகங்களைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பில் அரசகுமாரியின் பெயர் இன்னொஜென். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப அப்படியே எழுதுகிறார். காதால் கேட்டு எழுதியவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்துக் கோர்த்தவர்களின் புத்தகத்தில்தான் அவள் இமொஜென்.

அந்தக் காலத்து ஆங்கிலக் கையெழுத்தில் ‘என்’ என்ற எழுத்துக்கு இரண்டு குட்டிக் கோடுகள், ‘எம்’முக்கு மூன்று. இரட்டை ‘என்’ என்றால் வரிசையாக நாலு கோடு. வேகமாக எழுதியிருந்தால் நாலா மூன்றா என்று எண்ணிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? ஒரு கோடு நழுவியது, ஒரு பெண் பிறந்தாள். புள்ளி வைக்காத ஏட்டுச்சுவடியைப் படித்துப் பதிப்பித்தவர்களின் பாடு தெரிந்த நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. ரகரமா காலா என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்ட மரபு நம்முடையது. ட்ரெடிலில் பத்திரிகை அடித்த காலத்தில் ஈயஎழுத்துப் பெட்டியில் அறை மாறிக் கிடந்த ஒற்றை எழுத்தால் கவிஞர்களின் பெயர்களே மாறிப்போனதும் உண்டு.

இனி இன்னொஜென் எங்கிருந்து வந்தாள் என்று பார்க்கலாம். ஷேக்ஸ்பியர் தன் பழைய பிரிட்டன் கதைகளுக்கு நாடிப் போன இடம் ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல். அதில் இன்னொஜென், பிரிட்டனுக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் புரூட்டஸ் என்ற ட்ராய் வீரனின் மனைவி. (சீசரைக் குத்திய புரூட்டஸ் வேறு.) அதற்கும் முன்னால், 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி லத்தீனில் எழுதிய மன்னர் வரலாற்றில் இவளே இக்னோகே. கிரேக்க அரசன் பாண்ட்ராசஸின் மூத்த மகள். தோற்றுச் சிறைப்பட்ட அப்பா உயிர்பிழைக்கக் கொடுத்த விலையில் அவளும் ஒரு உருப்படி: கப்பல்கள் 324, தானியம், பொன், வெள்ளி, அதோடு மகள். கப்பல் கிளம்பியதும் அவள் உயரமான பின்தளத்தில் நின்று கரையைப் பார்த்து அழுகிறாள், புரூட்டஸின் கையில் மயங்கி விழுகிறாள். கரை மறையும்வரை அவள் கண் அதை விட்டு அகலவில்லை. புரூட்டஸ் தேற்றுகிறான், கொஞ்சுகிறான். அழுது ஓய்ந்து அவள் தூங்கிவிடுகிறாள். ஜெஃப்ரியின் நூலில் ராஜாக்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள், யாருக்கும் கண்ணீர் இல்லை. இந்த ஒரு பத்தியில் மட்டும் அவர் பேனா சற்று நின்றிருக்கிறது. ஒரு தேசத்தின் தோற்றக் கதையில், பண்டமாற்றில் போன பெண்ணின் அழுகை அடியில் கிடக்கிறது.

சொல்லின் பொருள் என்ன என்று கேட்டால் பெயர் அகராதிகள் கேலிக் மொழியில் மகள், கன்னி என்று பொருள்தரும் சொல் ஒன்றைக் காட்டும். ஊகம்தான். இருந்தாலும் மகளைக் கொடுத்த கதைக்கு அது பொருந்திப்போவதைப் பார்த்து நாம் சிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இன்னொஜென் இதைவிட விசித்திரம். 1600இல் தனிநூலாக வந்த ‘மச் அடூ அபவுட் நத்திங்’ நாடகத்தின் முதல் காட்சிக் குறிப்பில், மெஸினாவின் ஆளுநர் லியனாட்டோ வருகிறார், அவர் மனைவி இன்னொஜென் வருகிறாள் என்று இருக்கிறது. இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்திலும் லியனாட்டோவின் மனைவி வருவதாகக் குறிப்பு. வருகிறாள், அவ்வளவுதான். ஒரு வசனம் கிடையாது. யாரும் அவளோடு பேசுவதும் இல்லை. மணமேடையில் மகளைக் கெட்டுப்போனவள் என்று மாப்பிள்ளை தூற்றும்போது, அப்பன் இவள் செத்தாலே தேவலை என்று கத்தும்போது, அம்மா எங்கே போனாள்? 18ஆம் நூற்றாண்டில் பதிப்பாசிரியர் தியோபால்டு, வாய் திறக்காத இந்தப் பெண் ஆசிரியர் முதலில் நினைத்துப் பிறகு கைவிட்ட பாத்திரமாக இருக்கலாம் என்று முடிவுகட்டி அவளை நீக்கிவிட்டார். பின்வந்த பெரும்பாலான பதிப்புகளிலும் அவள் இல்லை. பேசாதவள் இல்லாதவள் என்பது பதிப்பியல் நியாயம். குடும்பங்களில் இது நடைமுறையாகவே இருந்துவருகிறது, பதிப்பியல் படித்துவிட்டு யாரும் அதைச் செய்யவில்லை.

இந்த மௌனப் பெண்தான் ‘சிம்பலின்’ நாயகியின் பெயருக்கு வலுவான சாட்சி. அங்கே லியனாட்டோ - இன்னொஜென். இங்கே நாயகனின் முழுப்பெயர் போஸ்துமஸ் லியனாட்டஸ். அதே ஜோடி மறுபடியும் வருகிறது என்றால் நாயகி இன்னொஜென்னாகத்தானே இருக்கவேண்டும்? ஃபோர்மன், ஹாலின்ஷெட், இந்த ஜோடிப்பெயர் மூன்றையும் சேர்த்துவைத்து 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட ஷேக்ஸ்பியர் பதிப்பு, ஸ்டான்லி வெல்ஸும் கேரி டெய்லரும் பொதுப்பதிப்பாசிரியர்கள், நாயகியின் பெயரை இன்னொஜென் என்று மாற்றியது.

எதிர்வாதமும் லேசானதல்ல. தவறு ஒரு இடத்தில் வந்தால் கைத்தவறு. நாடகம் முழுக்க ஒரே மாதிரி வந்தால்? தொகுப்பைக் கொண்டுவந்த ஹெமிங்ஸும் காண்டலும் அதே நாடகக் குழுவின் நடிகர்கள். தினம் மேடையில் கேட்ட பெயர் அவர்களுக்குத் தெரியாதா? படியெடுத்தவர் முதலில் ஒரு தடவை எம் என்று படித்துவிட்டுப் பிறகு எல்லா இடத்திலும் அதையே பார்த்திருக்கலாம். நாமும் அப்படித்தான் படிக்கிறோம். எனக்கு இன்னொஜென் பக்கமே சாய்வு. ஆனால் அச்சுப்பிழை என்று நூற்றுக்கு நூறு சத்தியம் செய்ய மாட்டேன்.

இந்த நாடகமே தப்பான வாசிப்பைப் பற்றியது என்பதையும் சொல்லவேண்டும். மனைவியின் கற்பின்மேல் இரண்டு ஆண்கள் பந்தயம் கட்டுகிறார்கள். யாக்கிமோ ஒரு பெட்டிக்குள் ஒளிந்து அவள் படுக்கையறைக்குள் வந்து, தூங்குகிறவளின் கைவளையைக் கழற்றிக்கொண்டு, அறையின் சாமான்களையும் மார்பிலிருக்கும் மச்சத்தையும் பார்த்து ஏட்டில் குறித்துக்கொள்கிறான். ஒரு பெண்ணுடல் பிரதியாகிறது, கள்ளப்படி எடுக்கப்படுகிறது. புருஷன் மூலத்தைக் கேட்காமல் படியை நம்பி, அவளைக் கொன்றுவிடச் சொல்லிக் கடிதம் எழுதுகிறான். அவள் ஆண்வேஷம் போட்டு ஃபிடெல் என்று தனக்குத் தானே பேர் வைத்துக்கொள்கிறாள். விசுவாசம் என்று அர்த்தம். மூன்று தலைமுறையாக ஆண்கள் எழுதிய பெயர்களுக்கு நடுவில் அவள் தானாக வைத்துக்கொண்ட பெயர் அது ஒன்றுதான், அதுவும் ஆண்பெயர். கடைசிக் காட்சியில் அடையாளம் தெரியாமல் புருஷன் அவளை அடித்துத் தள்ளுகிறான். அவள் எழுந்து அவனைத் தழுவிக்கொள்கிறாள். தவறான வாசிப்பில் மாட்டிய பெண்ணுக்குத் தவறான வாசிப்பால் வந்த பெயர்! ரொம்ப அழகாகப் பொருந்துகிறது. அழகாகப் பொருந்துவதாலேயே இதை ஒரு சித்தாந்தமாக நீட்டாமல் இங்கேயே விடுகிறேன்.

பெயர் நாடகத்தை விட்டு வெளியே வந்தது மெதுவாகத்தான். 1784இல் வில்லியம் காட்வின் இந்தப் பெயரில் ஒரு புனைகதை எழுதினார். 1796இல் மாத்யூ லூயிஸின் ‘தி மங்க்’ நாவலில் உள்ள பேய்க் கதைப்பாட்டில், காதலனை மறந்து வேறொருவனை மணந்தவளுக்கு இமொஜின் என்று பெயர். விசுவாசத்தின் சின்னத்தைத் துரோகிக்கு வைத்தது அவர் குசும்பு. பிறகு விக்டோரியா காலம் அவளைத் தூக்கிக்கொண்டாடியது. அடித்தாலும் அணைக்கிறவள் அல்லவா! ஸ்வின்பர்ன் தன் ஷேக்ஸ்பியர் நூலை (1880) அவள் பெயரோடு முடித்தார். 1892இல் டென்னிசனைப் புதைத்தபோது ‘சிம்பலின்’ பிரதியும் கூடப் போனது. 1896இல் லைசியம் அரங்கில் எலன் டெரி இமொஜெனாக நடிக்கத் தயாரானபோது அவளுக்குக் கடிதம் கடிதமாக எழுதிய பெர்னாட் ஷா, இந்தப் பாத்திரத்துக்குள் ரெண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி நிஜப்பெண், இன்னொருத்தி கற்பின் மடத்தனமான பதுமை என்று பிரித்தார். 1937இல் கடைசி அங்கத்தையே அவர் மாற்றி எழுதியபோது, அவருடைய இமொஜென் அடித்த புருஷனைச் சும்மா விடவில்லை. வாயார நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான், மற்றப் பெண்களைப்போல நானும் சமாளிக்க வேண்டியதுதான் என்று வீட்டுக்குப் போகிறாள்.

இந்தக் கொண்டாட்டக் காலத்தில்தான் பெயர் ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்தது. புகைப்படக் கலைஞர் இமொஜென் கன்னிங்ஹாம் 1883இல் அமெரிக்காவில் பிறந்தார். இசையமைப்பாளர் கஸ்தவ் ஹோல்ஸ்டின் மகள் இமொஜென் 1907இல். அமெரிக்காவில் பெயரின் வாலில் ஓர் எழுத்து கூடி இமொஜீன் ஆகி, அங்கே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிராமத்து வீடுகள்வரை போய்ப் பாட்டிகளின் பெயராகவும் ஆகிவிட்டது. பிழையும் பிள்ளை பெறும். இங்கிலாந்தில் அது வெகுகாலம் படித்த, வசதியான குடும்பங்களின் அபூர்வப் பெயராக இருந்துவிட்டு, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் பெண்குழந்தைப் பெயர்களில் முதல் நூறுக்குள் வந்தது. ஆக, பதிப்பாசிரியர்கள் அவளை நாடகத்திலிருந்து அழித்துக்கொண்டிருந்த அதே சமயம் பெற்றோர் அவளைத் தொட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு திருத்தினால் பிறப்புச் சான்றிதழைத் திருத்துவார்களா?

நம்மூருக்கும் இந்த நாடகம் வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன், மக்பெத்தை மகபதி என்று ஒலியைப் பிடித்துக்கொண்டு மாற்றியவர். சிம்பலினை சிம்ஹளநாதன் ஆக்கினார். அர்த்தத்தைப் பெயர்க்காமல் சத்தத்தைப் பெயர்த்த இந்த முறையைக் கேலி செய்தவர்கள் உண்டு. காதுக்குக் கேட்டதை எழுதிய ஃபோர்மனும் மேடைக்காரர்களின் வாய்ச்சத்தத்தைத்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் பம்மலின் மேல் மரியாதை கூடுகிறது.

2016இல் ஒரு வேடிக்கை நடந்தது. லண்டன் குளோப் அரங்கில் மாத்யூ டன்ஸ்டர் இந்த நாடகத்தை இயக்கியபோது, அதிகம் பேசுகிறவள் அவள், சிம்பலின் பேரில் எதற்கு நாடகம் என்று தலைப்பையே ‘இமொஜென்’ என்று மாற்றினார்கள். அதே ஆண்டு ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் குழுவுக்காக மெல்லி ஸ்டில் இயக்கியதில் சிம்பலினே ராஜா அல்ல, ராணி. அங்கே மகளின் பெயர் இன்னொஜென்.