108-ஐ அழைத்தால் போனை எடுப்பது யார்?



108 என்ற எண் தெரியாத உறுப்பினர் நம் குழுக்களில் அநேகமாக யாரும் இல்லை. பிரசவ வலி, பாம்புக்கடி, ரோட்டில் வண்டி மோதல் என்று ஏதாவது ஒன்றுக்கு நம்மில் பலர் அந்த எண்ணை அழுத்தியிருக்கிறோம். வண்டி ஓட்டி வரும் டிரைவர் தம்பியைப் பார்த்திருக்கிறோம். உள்ளே உட்கார்ந்து வரும் மருத்துவ உதவியாளரையும் பார்த்திருக்கிறோம். முதலில் போனை எடுத்துப் பேசியவரை மட்டும் நாம் யாரும் பார்த்ததில்லை.

அந்தப் போனை எடுப்பது ஒரு முழுநேர வேலை. படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்பிள்ளைகளும் முயற்சி செய்யக்கூடிய வேலை. "போன் பேசுற வேலைதானே, என்ன கஷ்டம்?" என்று கேட்கும் அம்மாக்களும் உண்டு, "ராத்திரி வேலையாமே, நமக்கு வேண்டாம்" என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரண்டு பேருக்குமே விவரம் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம். போனில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு நாமே 108-ஐ அழைக்கும்போதும் உதவும்.

108 வந்த கதை

108 சேவை முதன்முதலில் ஆந்திராவில் 2005 ஆகஸ்டில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. இன்று நம் மாநிலத்தில் 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. தலைமைக் கட்டுப்பாட்டு அறை சென்னையில் இருக்கிறது. அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்காக, ஒப்பந்த அடிப்படையில் ஒரு நிறுவனம் இதை நடத்துகிறது.

இதே போன்ற வேலை வேறு எண்களிலும் உண்டு. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான எண் 112. மருத்துவ ஆலோசனைக்கு 104. பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. எல்லா இடத்திலும் ஒரு ஆள் போனை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டு விதமான வேலை

ஒருவர் அழைப்பை எடுப்பவர். காதில் ஹெட்போன், எதிரே கம்ப்யூட்டர். பேசுபவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே டைப் செய்வார். எங்கே, என்ன, யாருக்கு என்ற விவரங்களை வாங்குவது இவர் பொறுப்பு.

இன்னொருவர் வண்டியை அனுப்புபவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது காலியாக இருக்கிறது என்று அவருடைய திரையில் தெரியும். பக்கத்தில் இருக்கும் வண்டிக்குச் சொல்லி அனுப்புவார். அந்த வண்டி வேறு நோயாளியை ஏற்றியிருந்தால் அடுத்ததைத் தேடுவார். சில இடங்களில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பதும் உண்டு. இவர்களுக்குத் துணையாக டாக்டர்களும் இருப்பார்கள். வண்டியில் போகும் மருத்துவ உதவியாளருக்குச் சந்தேகம் வந்தால் போனிலேயே ஆலோசனை சொல்வார்கள்.

ஏன் இத்தனை கேள்வி?

"உசுரு போற நேரத்துல இவங்க கேள்வி மேல கேள்வி கேக்குறாங்களே" என்று நம்மில் பலருக்குக் கோபம் வரும். ஒரு அழைப்பு எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

"108-ங்க. என்ன அவசரம் சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டுக்காரரு மயங்கி விழுந்துட்டாருங்க. சீக்கிரம் வண்டி அனுப்புங்க!"

"அனுப்புறோம்மா. எந்த மாவட்டம்? எந்த ஊரு?"

"புதுப்பட்டிங்க."

"எந்தத் தாலுகா புதுப்பட்டி? பக்கத்துல பெரிய ஊரு எது?"

நமக்கு ஒரு புதுப்பட்டிதான் தெரியும். தமிழ்நாட்டில் எத்தனையோ புதுப்பட்டி, மேட்டுப்பட்டி, புதூர் இருக்கின்றன. வண்டி தப்பான புதுப்பட்டிக்குப் போய்விட்டால் அரைமணி நேரம் வீண். செல்போன் டவரை வைத்து வீட்டையே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்புகிறோம். டவர் காட்டுவது ஒரு சுற்றுவட்டாரத்தைத்தான். அதனால்தான் மாவட்டம், தாலுகா, ஊராட்சி, பக்கத்தில் உள்ள ரேஷன் கடை, தண்ணீர் டேங்க், கோயில் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். ரோட்டில் விபத்து என்றால் கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள்.

அடுத்த கேள்வி இது: "கூப்பிட்டா கண்ணத் தொறக்குறாரா? மூச்சு விடுறாரா? நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாருங்க."

மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்வார்கள். பேச்சு மூச்சு இல்லை என்றால் நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகமாக அழுத்தச் சொல்வார்கள். வண்டி வந்து சேரும் வரை அந்த உயிரைப் பிடித்து வைப்பது அந்த அழுத்தம்தான். அதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பதும், பதறிப்போய் அழுகிறவரைச் செய்ய வைப்பதும் இந்த வேலையில் அடங்கும்.

இன்னும் சில உதாரணம் சொல்கிறோம். பாம்பு கடித்தவரை நடக்க விடக்கூடாது, கடித்த இடத்தைக் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. பூச்சிமருந்து குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, அந்த மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயன் இல்லை. வண்டி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் துடைத்துத் தாயின் நெஞ்சில் போட்டு மூடி வைக்க வேண்டும், தொப்புள்கொடியை வெட்டக்கூடாது. இவற்றைப் பதற்றம் இல்லாமல், இரண்டு மூன்று வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும்.

நம் ஊர்ப் பேச்சு ஒரு தகுதிதான்

"எங்க பிள்ளைக்கு இங்கிலீஷ் சரளமா வராதே" என்று தயங்குகிறோம். கம்ப்யூட்டரில் எழுதும் அளவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தேவைதான். ஆனால் தமிழ்நாட்டில் 108-ஐ அழைப்பவர்கள் பெரும்பாலும் தமிழில்தான் பேசுகிறார்கள், அதுவும் ஊர்த் தமிழில்.

"பூச்சி கடிச்சிருச்சு" என்று ராத்திரியில் ஒரு கிழவி சொன்னால் அது எறும்போ வண்டோ இல்லை, பாம்பாக இருக்கலாம் என்று நமக்குத் தெரியும். இருட்டில் பாம்பு என்று வாயால் சொல்லமாட்டார்கள். "மருந்தக் குடிச்சிட்டா" என்றால் அது காய்ச்சல் மருந்து அல்ல, பயிருக்கு அடிக்கும் விஷம். "முழுகாம இருக்கா" என்றால் கர்ப்பிணி. "வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு, பேச்சு கொழறுது" என்றால் பக்கவாதம். அதற்கு நாலரை மணி நேரத்துக்குள் மருந்து போட்டால் நல்ல பலன் உண்டு என்பதால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்க முடியாது.

நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் இதையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நம் பெண்களுக்கு ஒரு தடவை போதும். களத்துமேடு, கம்மாய்க்கரை, காலனி, ஊருணி என்று அடையாளம் சொன்னாலும் புரியும். இதை நாம் ஒரு குறையாக நினைத்து மறைக்க வேண்டாம். நேர்முகத் தேர்வில் தைரியமாகச் சொல்லலாம்.

வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

படிப்புத் தகுதி அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். டிகிரி கேட்பார்கள், சில வேலைக்கு நர்சிங் படிப்பு கேட்பார்கள். வயது வரம்பும் இருக்கும். அறிவிப்பை முழுதாகப் படித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். கேட்டுக்கொண்டே டைப் செய்யும் பழக்கம் கட்டாயம் வேண்டும். வீட்டில் ஒருவர் முகவரி சொல்ல, இன்னொருவர் எழுதிப் பார்த்தால் அது தானாக வரும். மாவட்டம், தாலுகா பெயர்களும், பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் எங்கே இருக்கின்றன என்பதும் தெரிந்திருந்தால் நல்லது.

கம்ப்யூட்டர் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. ஊரக இளைஞர்களுக்காக 2014-இல் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாயா திறன் பயிற்சித் திட்டத்தில் கம்ப்யூட்டர், தொலைபேசி வழி வாடிக்கையாளர் சேவை போன்ற பயிற்சிகள் உண்டு. வயது 15 முதல் 35 வரை, பெண்களுக்கு 45 வரை. நம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் வட்டார அலுவலகத்திலும் விசாரித்தால் அடுத்த பயிற்சி எப்போது என்று சொல்வார்கள்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறோம்

முதல் கஷ்டம் ஷிஃப்ட். ராத்திரியிலும் போன் வரும், தீபாவளி அன்றும் பொங்கல் அன்றும் வரும். யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, திட்டு வாங்குவது. வீட்டில் உயிருக்குப் போராடும்போது பேசுகிறவர் பொறுமையாகப் பேசமாட்டார். பதிலுக்குக் குரலை உயர்த்தக்கூடாது. பேசுவது எல்லாம் பதிவாகும்.

மூன்றாவது, வெட்டி அழைப்பு. பிள்ளைகள் விளையாட்டாக அழுத்துவது, குடித்துவிட்டு வம்பு பேசுவது, ரீசார்ஜ் பற்றிக் கேட்பது என்று நிறைய வரும். ஆனாலும் ஒவ்வொரு அழைப்பையும் உண்மை என்று நினைத்துத்தான் எடுக்க வேண்டும். எதுவும் பேசாமல் அழும் சத்தம் மட்டும் கேட்டால், அது அடிபட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணாகவும் இருக்கலாம்.

நான்காவதுதான் பெரிய கஷ்டம். "என் புள்ள மூச்சு விடலையே" என்று கதறியவரின் போன் வைக்கப்பட்ட பிறகு, அந்தப் பிள்ளை பிழைத்ததா இல்லையா என்று பெரும்பாலும் தெரியாது. அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். அந்தப் பாரத்தோடு வீட்டுக்கு வரும் மகளிடம், "உக்காந்த இடத்துல வேலை பாக்குறவளுக்கு என்ன அலுப்பு?" என்று நாம் கேட்கக்கூடாது. தூக்கம் இல்லாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் கவனிக்க வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் 2022-இல் இருந்து இருக்கிறது. வெட்கப்படாமல் பேசலாம்.

வேலைக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

1. நியமனக் கடிதம் எழுத்தில் தருவார்களா? எந்த நிறுவனத்தின் பெயரில் தருவார்கள்? 108 போன்ற சேவை அரசுக்காக நடந்தாலும், வேலை கொடுப்பது ஒப்பந்த நிறுவனம். இது நிரந்தர அரசு வேலை ஆகாது. தெரிந்தே சேர வேண்டும்.

2. பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்? பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா? மாதாமாதம் சம்பளச் சீட்டு தருவார்களா?

3. ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வண்டி வசதி உண்டா? தங்குமிடம் எங்கே, ஒரு மாதத்துக்கு என்ன செலவு?

4. பாலியல் தொந்தரவு பற்றிப் புகார் செய்ய உள்ளகக் குழு இருக்கிறதா? 2013-ஆம் ஆண்டு சட்டப்படி 10 பேர் வேலை பார்க்கும் இடத்திலேயே இந்தக் குழு இருக்க வேண்டும்.

5. பயிற்சிக் காலம் எவ்வளவு? அப்போது சம்பளம் உண்டா?

புரோக்கருக்குக் குழுக் கடன் வேண்டாம்

"108-ல கவர்மென்ட் வேலை, ஐம்பதாயிரம் கொடுத்தா உறுதி" என்று யாராவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வேலைக்குப் பணம் கேட்பவர் எவரும் நம்பத்தகுந்தவர் அல்ல. மகளின் எதிர்காலம் என்று சொல்லிக் குழுவில் உள்கடன் கேட்கும்போது மறுக்க மனசு வராது. பணம் போனால் வேலையும் இல்லை, தவணை மட்டும் மிஞ்சும். அதே கடனை டைப்பிங் வகுப்புக்கோ, முதல் மாத விடுதிச் செலவுக்கோ கேட்டால் தாராளமாகக் கொடுப்போம்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் 108-இல் போன் எடுப்பவராக நடிக்கட்டும், இன்னொருவர் அழைக்கட்டும். மாவட்டம், தாலுகா, ஊராட்சி, தெரு, அடையாளம், என்ன ஆபத்து, எத்தனை பேர், திரும்ப அழைக்க எந்த எண், இவ்வளவையும் தடுமாறாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அதை ஒரு அட்டையில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள், தனியாக இருக்கும் மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் படித்துச் சொல்லும்படி.

அந்த நடிப்பில் யார் பதறாமல் கேள்வி கேட்கிறாள், யார் பேச்சு புரியாவிட்டாலும் எரிந்து விழாமல் மறுபடி கேட்கிறாள் என்பதையும் கவனியுங்கள். குழு உறுப்பினர்களின் மகள்களையும் மருமகள்களையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். இந்த வேலைக்குப் பொருத்தமான பெண் நம் தெருவிலேயே இருக்கலாம். அப்படி இருந்தால் அவள் பெயரையும் படிப்பையும் கூட்டமைப்பு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அறிவிப்பு வரும்போது முதலில் அவளுக்குச் சொல்லி அனுப்புகிறோம்.