இலையைப் பார்த்து நோய் சொல்லும் இயந்திரம்: வணிகர்கள் அறிய வேண்டியவை

தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் வாடிக்கையாளருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் மளிகை, காய்கறி வணிகர்களாகிய நாம்தான். விலை மாறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பயிரில் விழும் நோய். உருளைக்கிழங்கைத் தாக்கும் பின்பருவ இலைக்கருகல் நோய் 1845 முதல் சில ஆண்டுகள் அயர்லாந்து நாட்டின் விளைச்சலை அழித்தது. பசியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இலையில் தோன்றும் ஒரு புள்ளியின் விளைவு சந்தை வரை வரும் என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

அந்தப் புள்ளியைச் செல்போனில் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகள் இன்று வந்துவிட்டன. ஜெர்மனியில் உருவான பிளான்டிக்ஸ் நம் நாட்டு விவசாயிகளிடமும் புழங்குகிறது. மத்திய அரசும் 2024 ஆகஸ்டில் தேசியப் பூச்சி கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. விவசாயி போனை நீட்டி, "இதில் சொன்ன மருந்தைக் கொடுங்கள்" என்று கேட்டால், உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் என்ன செய்வது? அதற்கு முன், இந்த இயந்திரம் எப்படி முடிவு சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைப் பையன் கற்கும் முறை

வேலைக்குப் புதிதாகச் சேரும் பையனுக்குத் துவரம்பருப்பில் முதல் ரகம் எது, இரண்டாம் ரகம் எது என்று நாம் எழுதிக் கொடுப்பதில்லை. மூட்டையைப் பிரித்துக் காட்டுகிறோம். தவறாகச் சொன்னால் திருத்துகிறோம். பலமுறை பார்த்தபின் கையில் அள்ளியதுமே சொல்லிவிடுகிறான். டீப் லேர்னிங், அதாவது ஆழ்கற்றல் என்பதும் ஏறக்குறைய இதுதான்.

கணினிக்குப் படம் என்பது வெறும் எண்கள். படத்தின் ஒவ்வொரு சிறு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. இவை பல அடுக்குகள் வழியே செல்கின்றன. முதல் அடுக்குகள் ஓரங்களையும் நிற மாற்றத்தையும் பிடிக்கும். அடுத்தவை வளையம், திட்டு போன்றவற்றைப் பிடிக்கும். கடைசி அடுக்கு ஒவ்வொரு நோய்க்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். பயிற்சியின்போது விடை தவறானால் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்படும்.

99 எப்படி 31 ஆனது?

2016 இல் மொகந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிளான்ட்வில்லேஜ் என்ற தொகுப்பிலுள்ள 54,306 இலைப் படங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். 14 பயிர்கள், 26 நோய்கள். நோயற்ற இலைகளையும் சேர்த்து 38 வகைகள். பயிற்சிக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிய படங்களைக் காட்டியபோது இயந்திரம் 99.35 விழுக்காடு சரியாகச் சொன்னது.

ஆனால் வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியதும் அது சுமார் 31 விழுக்காடாகச் சரிந்தது. தொகுப்பிலிருந்தவை செடியிலிருந்து பறித்து, வெறும் பின்னணியில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்த இலைகள். வயலில் நிழல், மண், பக்கத்து இலை எல்லாம் படத்தில் விழும். 2022 இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. அதே தொகுப்பில் இலையையே காட்டாமல் பின்னணியிலிருந்து 8 புள்ளிகளை மட்டும் கொடுத்தும் 49 விழுக்காடு சரியான விடை வந்தது! குத்துமதிப்பாகச் சொன்னால் 2.6 விழுக்காடுதான் வர வேண்டும். முதல் ரகப் பருப்பு எப்போதும் வெள்ளைச் சாக்கில் வந்தால், பையன் பருப்பை விட்டுச் சாக்கைப் பார்த்துச் சொல்லப் பழகுவான் அல்லவா? அதே கதைதான்.

மேலும், அந்த 14 பயிர்களில் தக்காளி, உருளை, மக்காச்சோளம், திராட்சை உண்டு. நெல், வாழை, மஞ்சள், வெங்காயம் இல்லை. பின்வந்த செயலிகள் வேறு பயிர்களையும் சேர்த்துள்ளன. ஆயினும் இவ்வகை இயந்திரத்துக்குத் தனியே சொல்லிக்கொடுத்தாலன்றி, கற்காத நோயைக் காட்டினாலும் கற்றவற்றுள் ஒன்றின் பெயரையே சொல்லும். இலைக்கு வராத வேர்நோயைப் படம் காட்டாது.

நாம் செய்ய வேண்டியவை

1. செயலியின் விடையை முதல் கருத்தாக மட்டும் கொள்க. இலையின் அடிப்புறம், முழுச்செடி, அக்கம்பக்கச் செடிகள் பற்றியும் விவசாயியிடம் கேட்க வேண்டும்.

2. பூஞ்சாண நோயா, வைரஸ் நோயா என்று தெரியாமல் மருந்து கொடுக்கலாகாது. தக்காளி இலைச்சுருள் வைரஸ் வெள்ளை ஈயால் பரவுவது. அதற்குப் பூஞ்சாணக்கொல்லி தெளித்தால் பணமும் நாளும் வீண்.

3. ஐயமிருந்தால் வட்டார வேளாண் அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திடமோ அனுப்புக. கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு.

4. மருந்து டப்பாவின் லேபிளில் அந்தப் பயிர் இருக்கிறதா என்று பார்த்தே விற்க வேண்டும். பூச்சிமருந்து விற்பனை 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடப்பது. "செயலி சொன்னது" என்பது கடைக்காரருக்குச் சமாதானமாகாது.

5. மொத்த வியாபாரிகளுக்கு ஒரு சொல்: "நோய் பரவுகிறது" என்று போனில் சுற்றும் படத்தை நம்பிச் சரக்கை வாங்கிக் குவிக்க வேண்டாம். உற்பத்திப் பகுதிக் கமிஷன் மண்டியில் வரத்தை விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

நல்ல வெளிச்சத்தில், ஓர் இலையை மட்டும் தெளிவாகப் படமெடுத்து, கற்ற பயிருக்குள் கேட்டால் இந்த இயந்திரம் நல்ல உதவியாளன்தான். ஆனால் மருந்து பலிக்காவிட்டால் விவசாயி செயலியைச் செய்தவரைத் தேடிப் போகமாட்டார். நம் கடை வாசலுக்குத்தான் வருவார். அதை நினைவில் வைத்து விற்போம்.