காரில் குடியேறும் அம்மாவுக்கு எப்படி உதவுவது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்றொரு பாலைவனச் சிற்றூர் இருக்கிறது. கோடையில் அங்கே ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. ஜனவரியில் போனால் ஊரைச் சுற்றியுள்ள பொட்டல்வெளி முழுக்க வேன்களும் இழுவை வண்டிகளும் சாதாரணக் கார்களும் நிற்கும். அவற்றில் குடியிருப்பவர்களில் அறுபது, எழுபது வயதைக் கடந்த பெண்கள் பலர், அதுவும் தனியாக. கணவர் இறந்த பிறகு, மணமுறிவுக்குப் பிறகு, ஓய்வூதியத்தில் பெரும்பகுதியை வாடகையே தின்னத் தொடங்கிய பிறகு, மிஞ்சிய ஒரே சொத்தான காரை வீடாக்கிக்கொண்டவர்கள். ஊர் சுற்றும் ஆசையில் இறங்கியவர்களும் உண்டு. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

இவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ நூல் 2017-இல் வெளிவந்தது. குளோயி ஜாவ் அதைப் படமாக்கினார். 2021-இல் சிறந்த படம், இயக்குநர், நடிகை என மூன்று ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. படத்தின் நாயகிக்கு வேன் இருக்கிறது. நிஜத்தில் பலருக்கு அதுவும் இல்லை. பழைய டொயோட்டா பிரியஸின் பின்பக்கம்தான் படுக்கையறை.

தாயோ, அத்தையோ, பக்கத்து வீட்டுப் பெண்மணியோ இப்படிக் கிளம்பும்போது, உதவ வருகிறவர்கள் முதலில் வண்டியைத்தான் பார்க்கிறார்கள். டயர், பேட்டரி, சோலார் தகடு என்று பட்டியல் நீள்கிறது. அவையெல்லாம் தேவைதான். ஆனால் பாதியில் திரும்ப வைப்பது பெரும்பாலும் வண்டியின் கோளாறாக இருக்காது, உடம்பின் கோளாறாக இருக்கும். அதனால் உடம்பிலிருந்து தொடங்குங்கள். அதிலும், பேசக் கூச்சப்படும் விஷயத்திலிருந்து.

கழிப்பறைதான் முதல் ஏற்பாடு

இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவது அந்த வயதில் சாதாரணம். வீட்டில் பத்தடி நடந்தால் முடிந்தது. காரில் அப்படியில்லை. பூட்டிய கடையின் வாசலிலோ இருட்டுப் பாலைவனத்திலோ கதவைத் திறந்து இறங்க வேண்டும். பயம், குளிர், கூச்சம் எல்லாம் சேரும். அதற்குப் பெரும்பாலான பெண்கள் கண்டுபிடிக்கும் வழி ஒன்றே: மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவது.

அங்கிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்ப் பாதையின் உட்படலம் மெலிந்து வறண்டிருக்கும். கிருமிகள் எளிதில் தொற்றும். தண்ணீர் குறையும்போதும் சிறுநீரை அடக்கும்போதும் அந்தத் தொற்றுக்கு இன்னும் வசதியாகிறது. முதியவர்களில் சிலருக்குச் சிறுநீர்த் தொற்று எரிச்சலாகவோ காய்ச்சலாகவோ வெளிப்படாது; திடீர்க் குழப்பம், தடுமாற்றம், சோர்வு என்று காட்டும். வீட்டில் இருந்தால் யாராவது கவனிப்பார்கள். தனியாக ஸ்டியரிங் பிடித்திருக்கும் பெண்ணை யார் கவனிப்பது? உடலில் நீர் வற்றினால் மலச்சிக்கல் வரும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றும், விழ நேரும்.

ரத்த அழுத்தத்துக்கோ இதய நோய்க்கோ நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாளில் அதை விட்டுவிடுவதும் உண்டு. விடக் கூடாது. எந்த நேரத்தில் சாப்பிட்டால் பயணத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

மினிவேன் போன்ற உயரமான வண்டி என்றால் சுமார் 19 லிட்டர் வாளி, அதன் வாயில் பொருந்தும் இருக்கை மூடி, உள்ளே கனமான பிளாஸ்டிக் பை, நாற்றத்தை உறிஞ்சப் பூனைகளுக்குப் போடும் மணல் அல்லது மரத்தூள் போதும். தலை இடிக்கும் சிறிய காரில் வாளியில் உட்கார முடியாது. இறுக்கமான மூடியும் அகன்ற வாயும் உள்ள பாத்திரமோ, பெண்களுக்கென்றே விற்கும் சிலிக்கான் புனலோ வேண்டும். புனல் முதல் நாளே கைவராது. வீட்டுக் குளியலறையில் சில நாள் பழக வேண்டும். முட்டிவலி உள்ளவர் மண்டியிட்டு இதைச் செய்ய முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மகனிடம் சொல்ல மாட்டார். மகளோ தோழியோ கேட்டால் சொல்வார். இந்த ஏற்பாடு சரியாக அமைந்தால் அவர் தைரியமாகத் தண்ணீர் குடிப்பார். பிற்பாடு வரக்கூடிய தொல்லைகளில் பல அதிலேயே அடங்கிவிடும்.

கால் நீட்டிப் படுக்க வேண்டும்

ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துத் தூங்குவது ஓரிரு இரவுக்குச் சரி. வாரக்கணக்கில் அப்படித் தூங்கினால் கால் தொங்கியே கிடக்கும், கணுக்கால் வீங்கும். காலையில் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர் கோத்திருக்கிறது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனை. அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும், தானே வண்டியோட்டிப் போகக் கூடாது.

பின் இருக்கைகளை மடித்து, முன்னிருக்கையை முன்னால் தள்ளி, நடுவில் விழும் பள்ளத்தைப் பெட்டியாலோ பலகையாலோ அடைத்து, மேலே நல்ல நுரை மெத்தை போட்டால் பெரும்பாலான கார்களில் ஒருவர் நேராகப் படுக்கலாம். படுக்கையை ரொம்பவும் உயர்த்திவிடாதீர்கள். எழுந்து உட்காரத் தலைக்கு இடம் வேண்டும். வண்டியை நிறுத்தும் இடம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, மெத்தைப் பலகையில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வையுங்கள். உருளும் பக்கம்தான் தாழ்வு. தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

ஏறி இறங்குவதைத் தனியாகக் கவனியுங்கள். எலும்பு மெலிந்த பெண்ணுக்கு இடுப்பு எலும்பு முறிய ஒரு தவறிய காலடி போதும். அகலமான சிறு படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, தலையில் மாட்டும் விளக்கு, குதிகாலை மூடும் செருப்பு, இந்த நான்கும் படுக்கைக்குக் கைநீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கிளம்பும் முன் உங்கள் வீட்டு முற்றத்திலேயே வண்டியை நிறுத்தி, சில இரவுகள் அதில் தூங்கச் சொல்லுங்கள். இரவில் வீட்டுக் கழிப்பறைக்கு வரக் கூடாது என்பதுதான் நிபந்தனை. எத்தனை முறை விழித்தார், கை மரத்ததா, எந்தப் பொருள் எட்டவில்லை என்று காலையில் எழுதச் சொல்லுங்கள். கடை விளம்பரங்களைப் பார்த்து வாங்கிக் குவிப்பதைவிட அந்தத் தாள் ஆயிரம் மடங்கு உதவும்.

நெடுந்தூரம் ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெயில், குளிர், புகை

இப்படி வாழ்கிறவர்கள் பருவத்தைத் துரத்திப் போகிறார்கள். குளிர்காலத்தில் தாழ்வான பாலைவனம், கோடையில் மலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். குவார்ட்ஸைட் சுமார் 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதே மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் சுமார் 2,100 மீட்டரில். ஒரே நாள் பயணத்தில் கொடும் வெயிலிலிருந்து பைன் மரக் காட்டுக்குப் போய்விடலாம். 2,500 மீட்டரைத் தாண்டும் இடங்களுக்கு மட்டும் ஒரே மூச்சில் ஏற வேண்டாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் கீழே இறங்குவதே மருந்து.

வயதானால் வியர்வை குறையும், தாகமும் மந்தமாகும். நீர் மாத்திரை, பீட்டா பிளாக்கர், சில ஒவ்வாமை மாத்திரைகள், சில மனநல மருந்துகள் உடல் வெப்பத்தை எதிர்கொள்ளும் திறனை மேலும் குறைக்கும். வெளியே 27 டிகிரி மட்டுமே உள்ள நாளில், வெயிலில் மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 45 டிகிரி ஆகிவிடும். பகல் தூக்கத்தைக் காரில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் நூலகம் இலவசம், குளிர்ச்சியானது, கழிப்பறையும் உண்டு.

பாலைவன இரவு நேர்மாறு. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் முதியவர்களுக்கு நடுக்கம்கூட வராமல் மந்தம் மட்டும் வரலாம். தரமான உறக்கப்பை, கம்பளித் தொப்பி, காலுறை, சூடான நீர் நிரப்பிய பாட்டில் ஆகியவற்றால் சமாளிக்க வேண்டும். காருக்குள் அடுப்பு பற்றவைத்துக் குளிர் காயவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று வரும், தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. பனி மூடிய புகைக்குழாயோடு எஞ்சினை ஓடவிட்டாலும் இதே கதிதான். பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். அது இருந்தாலும், இரண்டு பக்க ஜன்னல்கள் விரலளவு திறந்திருக்க வேண்டும். மூச்சின் ஈரம் கண்ணாடியில் வழிந்து மெத்தை பூஞ்சை பிடிப்பதும் அதனால் குறையும்.

அரிசோனா, கலிஃபோர்னியா வறண்ட நிலங்களின் மண்ணில் ‘வேலி ஃபீவர்’ என்ற நுரையீரல் நோயைத் தரும் பூஞ்சை இருக்கிறது. புழுதிக்காற்று வீசும்போது ஜன்னலை மூடி உள்ளே இருக்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் இருமலும் அசதியும் நீடித்தால், எங்கே தங்கியிருந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்வது முக்கியம். வேறு மாநில மருத்துவருக்கு அந்த நோய் உடனே நினைவுக்கு வராது.

மருந்துப் பையும் காப்பீடும்

காரின் முன்னறைப் பெட்டியில் மருந்து வைக்கவே கூடாது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது பல வகைகளில் 30 டிகிரிக்கு மிகாமல் சுமார் 28 நாள் தாங்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் வெப்பத்தில் வீரியம் இழக்கும். அதன் சொந்தக் கண்ணாடிக் குப்பியிலேயே இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவருக்கு 12 வோல்ட் சிறு குளிர்பெட்டி அத்தியாவசியம்.

65 வயதில் கிடைக்கும் மெடிகேர் காப்பீட்டில் ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் பாருங்கள். அரசின் மூல மெடிகேரை நாடெங்கும் அதை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் பயன்படுத்தலாம். தனியார் நிறுவனங்கள் நடத்தும் ‘மெடிகேர் அட்வாண்டேஜ்’ திட்டங்களில் பல, குறிப்பிட்ட வட்டாரத்து மருத்துவர்களோடு கட்டுப்பட்டவை. அவசர சிகிச்சை தவிர மற்றதற்கு வெளியூரில் சிக்கல் வரும். கிளம்பிய பிறகு மாற்ற நினைத்தால் தாமதமாகிவிடும். பெரிய மருந்துக்கடைக் கிளைகளில் ஓர் ஊர்ச் சீட்டை வேறு ஊரில் நிரப்பிக்கொள்ள முடியும். 90 நாள் மருந்தாக எழுதச் சொல்லுங்கள். மருந்துகள், ஒவ்வாமை, மருத்துவர், உறவினர் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதி பர்ஸிலும் இன்னொன்று வெயில் மறைப்பின் பின்னாலும் இருக்கட்டும்.

எங்கே நிறுத்துவது

மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்குச் சொந்தமான வெளிகளில், பொதுவாக 28 நாளில் 14 நாள்வரை ஓர் இடத்தில் இலவசமாகத் தங்கலாம். 62 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தர வசிப்போரும் 80 டாலருக்கு ஆயுட்கால மூத்தோர் அட்டை வாங்கினால் தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணமில்லை. பல அரசு முகாம்களில் பாதிக் கட்டணம். நகரங்களில் நிலைமை கடுமையாகியிருக்கிறது. பொது இடத்தில் தங்குவதற்கு அபராதம் விதிக்க நகரங்களுக்குத் தடையில்லை என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. சாண்டா பார்பரா உள்ளிட்ட சில நகரங்களில், இரவு மட்டும் பாதுகாப்பாகக் காரை நிறுத்தித் தூங்க இடம் தரும் திட்டங்கள் இருக்கின்றன. முதல் சில மாதங்களுக்கு அவற்றையே நான் சிபாரிசு செய்வேன்.

எங்கே நின்றாலும் வண்டியின் முகம் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கை காலியாகவும் சாவி எப்போதும் ஒரே இடத்திலும் இருக்க வேண்டும். மனசுக்குச் சரியில்லை என்று தோன்றினால் காரணம் தேடாமல் கிளம்பிவிடலாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

யாரை அனுப்பக் கூடாது

சமீபமாக ஞாபகம் தடுமாறுகிறவர், கடந்த ஓராண்டில் மீண்டும் மீண்டும் விழுந்தவர், எச்சரிக்கை இல்லாமல் சர்க்கரை சட்டென்று இறங்கும் நோயாளி, வலிப்பு உள்ளவர், இரவில் ஓட்டப் பார்வை போதாதவர், ஆக்சிஜன் தேவைப்படுகிறவர். இவர்கள் தனியாகக் காரில் வாழ்வதை நான் ஏற்க மாட்டேன். மறுத்துச் சொல்வது கஷ்டம்தான். சொல்லியாக வேண்டும்.

மற்றவர்களுக்குத் தனிமைதான் பெரிய சோதனை. குவார்ட்ஸைட்டில் பாப் வெல்ஸ் என்பவர் இப்படி வாழ்கிறவர்களுக்காகத் தொடங்கிய ஜனவரிக் கூடுகை போன்ற இடங்களில் அனுபவப்பட்ட பெண்களைச் சந்திக்கலாம். வண்டிகள் பக்கம் பக்கமாக நின்றால் தூக்கமும் நன்றாக வரும். பசியின்மை, தூக்கம் கெடுதல், பேசப் பிடிக்காமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டும். மனநல நெருக்கடிக்கு 988 என்ற எண் நாள் முழுக்க இயங்குகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று. தினமும் மாலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பேசுங்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள். பேச்சில் குழப்பம் தெரிந்தால், அவர் நிற்கும் மாவட்டத்தின் அவசர உதவி எண்ணை உங்கள் ஊரிலிருந்தே அழைத்து ஆள் அனுப்பச் சொல்லலாம். அதற்கு அவர் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரை விட்டு வீட்டுக்குத் திரும்ப அவர் விரும்பும் நாளில், முதியோர் வாடகை உதவி, தங்குமிடம் பற்றி விசாரிக்க அழைக்க வேண்டிய எண் 211.