தளர்வு என்னும் யுக்தி

கண்ணாடி இழையின் வழியே ஒளியைச் செலுத்தித் தூர தேசங்களுக்குச் செய்தி அனுப்பலாம் என்று 1966-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹார்லோ நகரத்து ஆராய்ச்சிசாலையிலிருந்து எழுதிய சார்லஸ் காவோவையும் ஜார்ஜ் ஹாக்கமையும், நான்கு ஆண்டுகள் கழித்து அதற்கு வேண்டிய பரிசுத்தமான கண்ணாடியை அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் உண்டாக்கிக் காட்டிய மௌரர், கெக், ஷுல்ட்ஸ் ஆகிய மூவரையும் விஞ்ஞான உலகம் நன்றியோடு நினைவுகூர்கிறது. அது நியாயமே. காவோ எழுதிய காலத்துக் கண்ணாடியில் ஒளி 20 மீட்டர் செல்வதற்குள் நூற்றில் ஒரு பங்காகக் குன்றிவிடும். கார்னிங்கின் இழையில் ஒரு கிலோமீட்டர் சென்ற பின்னும் நூற்றில் 2 பங்கு எஞ்சி நின்றது. இன்று சாலையோரத்தில் புதைக்கப்படும் சாதாரண இழையிலோ 15 கிலோமீட்டர் கடந்தும் பாதி ஒளி மிஞ்சுகிறது. ஆயினும், ஆராய்ச்சிசாலையில் ஓர் உருளையில் சுற்றி வைத்த அந்த இழையை மண்ணிலும் மழையிலும் வெயிலிலும் இருபது முப்பது ஆண்டுகள் பழுதில்லாமல் கிடக்கும் கேபிளாக மாற்றிய பொறியியல் யுக்திகள், அந்தக் கண்ணாடிக்குக் கிடைத்த கீர்த்தியில் ஒரு சிறு பங்கைக்கூடப் பெறவில்லை. என் அபிப்பிராயத்தில், ஒளியிழைத் தொடர்பின் பாதி வெற்றி கண்ணாடியைச் சுற்றி அமைந்த பொருள்களுக்கே உரியது.

செம்புக் கம்பியைக் கேபிளாக்குவது நெடுங்காலம் பழகிய தொழில். செம்பு பொறுமையுள்ள உலோகம். சற்று இழுத்தால் நீண்டு கொடுக்கும், வளைத்தால் வளைந்து நிற்கும், அதனால் அதில் ஓடும் மின்சாரத்துக்குக் குறிப்பிடத்தக்க ஹானி ஏதும் நேராது. கண்ணாடியின் சுபாவம் வேறு. 0.125 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இழையின் நடுவே சுமார் 9 மைக்ரான் அகலமுள்ள உள்ளகத்தில்தான் ஒளி பயணம் செய்கிறது. உலையிலிருந்து அப்போதுதான் இழுக்கப்பட்ட இழை, அதே கனமுள்ள உருக்குக் கம்பிக்குப் பலத்தில் சளைத்ததன்று. ஆனால் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத சிறு கீறல் ஒன்று விழுந்துவிட்டால், ஈரமும் இழுவிசையும் சேர்ந்து அந்தக் கீறலை மெல்ல மெல்ல வளர்த்து, என்றோ ஒருநாள் இழையை முறித்துவிடும். ஆகவேதான் இழை உலையை விட்டு இறங்கிய சில நொடிகளுக்குள், வேறெந்தப் பொருளும் அதைத் தீண்டுமுன், உள்ளே மிருதுவும் வெளியே கடினமுமான இரண்டு பிளாஸ்டிக் பூச்சுகள் அதன்மேல் ஏற்றப்படுகின்றன. பிறகு இழை முழுவதையும் நூற்றுக்கு ஏறத்தாழ 1 பங்கு நீளும்படி இழுத்துப் பார்த்து, தாங்காத பகுதிகளைக் கழித்து, தாங்கியவற்றை மட்டுமே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். அப்படித் தேறிய இழையும் தன் ஆயுள் முழுவதும் நிரந்தரமாகத் தாங்கக்கூடிய இழுவிசை, அந்தச் சோதனை அளவில் ஒரு சிறு பகுதியே.

முறிவைவிடச் சூட்சுமமான அபாயம் ஒன்றும் உண்டு. இழை முறியாமலே, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் இங்கும் அங்கும் நுண்ணியதாக நெளிந்தாலும் போதும், உள்ளகத்தில் அடங்கிச் செல்ல வேண்டிய ஒளி வெளியே கசிந்து வீணாகிறது. இந்த நெளிவை உண்டாக்கும் பிரதான காரணம் உஷ்ணநிலை மாற்றமே. வெப்பத்துக்கு ஏற்பக் கண்ணாடி விரிவதும் சுருங்குவதும் மிக அற்பம்; கேபிளின் மேலுறையான பாலிஎத்திலீன் அதைப்போல் நூறு மடங்குக்கும் மேலாக விரிந்து சுருங்கும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள் 50 டிகிரி குளிர்ந்தால், தடையின்றி விடப்பட்ட பாலிஎத்திலீன் 5 மீட்டர் அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். கண்ணாடியோ 3 சென்டிமீட்டர்கூடச் சுருங்காது. இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால் இழையின் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட பரிகாரம், பலத்தை மேன்மேலும் கூட்டுவது அன்று, தளர்வைக் கொடுப்பதே. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றில், நீலம், ஆரஞ்சு, பச்சை என்று தொடங்கும் பன்னிரண்டு நிறங்களால் அடையாளம் காணப்படும் 12 இழைகளை, குழாயைவிடச் சற்றே அதிக நீளம் இருக்கும்படி, பிடிப்பின்றிப் படுக்க வைத்தார்கள். எஞ்சிய இடத்தை ஒரு விசேஷக் களிம்பால் நிரப்பினார்கள். அசையாமல் இருக்கும்போது கெட்டியாக நின்று, அசைவு வந்ததும் இளகிக் கொடுக்கும் அந்தக் களிம்பு ஜலத்தை உள்ளே விடாது. இழையின் நடமாட்டத்தையும் தடுக்காது. இத்தகைய குழாய்கள் ஆறோ எட்டோ, நடுவில் நிற்கும் கோல் ஒன்றைச் சுற்றி முறுக்கப்படுகின்றன. கண்ணாடி நாரால் வலுவூட்டிய பிளாஸ்டிக்கால் ஆன அந்தக் கோல், வெளி உறை தன்னிஷ்டப்படி சுருங்குவதற்கு இடங்கொடாமல் கேபிளைத் தாங்கி நிற்கிறது.

இந்த முறுக்கிலேதான் முழுச் சாமர்த்தியமும் அடங்கியிருக்கிறது. முறுக்கிய குழாய்க்குள் கிடக்கும் இழையும் கோலைச் சுற்றிச் சுற்றியே செல்கிறது. கேபிளை யாரேனும் இழுத்தால் இழை குழாய்க்குள் கோலின் பக்கமாக ஒதுங்குகிறது. அதனால் அது சுற்றும் வட்டம் சிறுத்து, கேபிள் எவ்வளவு நீண்டதோ அவ்வளவு நீளமும் இழை நீளாமலே அதற்குக் கிடைத்துவிடுகிறது. குளிரில் கேபிள் சுருங்கும்போது அதே இழை வெளிப்பக்கமாக ஒதுங்கிப் பெரிய வட்டத்தில் சுற்றி, மிகுந்து நிற்கும் தன் நீளத்தை நெளியாமல் அடக்கிக்கொள்கிறது. எவ்வித இயந்திரமும் இன்றி, வடிவத்தின் இலக்கணத்தினாலேயே நடைபெறும் இந்தச் சமாளிப்பைப் போல நேர்த்தியான யோசனையைப் பொறியியலில் அதிகம் காண்பதற்கில்லை. குழாய்களை ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே போகாமல், சில சுற்றுகள் வலமும் பிறகு சில சுற்றுகள் இடமுமாக மாற்றி மாற்றி முறுக்கும் வழக்கம் பின்னர் வந்தது. தொழிற்சாலையில் கனத்த உருளைகளைச் சுழற்ற வேண்டிய சிரமம் அதனால் நீங்கியதோடு, திசை திரும்பும் இடத்தில் கேபிளின் உறையைத் திறந்து, எந்தக் குழாயையும் அறுக்காமல் வேண்டியதை மட்டும் வெளியே எடுத்துக் கிளை பிரிக்கும் சௌகரியமும் கிட்டியது.

நம் நாட்டு மண்ணுக்கென்று சில பாதுகாப்புகள் தேவைப்பட்டன. கறையான் அரிக்காதபடி பாலிஎத்திலீன் உறையின்மேல் நைலான் உறை ஒன்றைப் போர்த்தினார்கள். எலியின் பல்லுக்கு நெளிவுத் தகட்டுக் கவசம் உண்டு. கேபிளைப் புதைப்பதற்கும் இழுவிசையை இயன்றமட்டும் தவிர்க்கும் உபாயமே வழக்கில் இருக்கிறது: வழுக்கும் உட்பூச்சுள்ள குழாயை முதலில் மண்ணில் பதித்துவிட்டு, அழுத்திய காற்றை அதனுள் வேகமாகச் செலுத்தினால், அக்காற்றோட்டம் கேபிளை அதன் நீளம் நெடுகிலும் ஏந்தி ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுசேர்க்கிறது.

இழைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக வேறொரு நெருக்கடி எழுந்தது. இழைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி நாடாவாக்கும் முறை புதியதன்று. 1976-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பெல் நிறுவனத்தார் நடத்திய சோதனையிலேயே 12 இழை நாடாக்கள் பன்னிரண்டை அடுக்கி 144 இழைக் கேபிள் செய்திருந்தார்கள். நாடாவின் அனுகூலம், பன்னிரண்டு இழைகளையும் ஒரே தடவையில் உருக்கி இணைத்துவிடலாம் என்பது. தட்டையான நாடா ஒரே பக்கமாகத்தான் வளையும், வட்டமான கேபிளுக்குள் மூலைகளில் இடத்தை வீணாக்கும் என்பது அதன் குறை. அண்மைக் காலத்தில் ஜப்பானியப் பொறியாளர்கள் இக்குறையைத் தீர்த்த விதம் மனத்தைக் கவர்கிறது. இழைகளை நெடுக ஒட்டாமல் இடைவெளிவிட்டு இடம் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். விரித்தால் மீன்வலையைப் போலப் பரந்தும், சுருட்டினால் ஒரு பிடியாக ஒடுங்கியும் நிற்கிறது அந்த நாடா. இணைக்கும்போது தட்டையாகவும், கேபிளுக்குள் உருண்டையாகவும் இருக்கும் இந்த அமைப்பினால், 2 அங்குலக் குழாய்க்குள் நுழையும் ஒரே கேபிளில் 6,912 இழைகளை அடக்க முடிந்திருக்கிறது. தனித்தனியாக இணைத்தால் 6,912 இணைப்புகள். நாடாவாக இணைத்தால் 576.

கடலடிக் கேபிளில் இழுவிசையே முதன்மையான பகை. சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்கு 2020-இல் போடப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர்க் கேபிளைப் போன்றவற்றில், இழைகள் களிம்பு நிறைந்த உலோகக் குழாய்க்குள் கிடக்க, அதைச் சுற்றி உருக்குக் கம்பிகளும், வழிநெடுக அமைந்த ஒளிபெருக்கிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் செம்புக் குழலும் சூழ்ந்திருக்கின்றன. ஆழ்கடலில் கேபிள் மெலிந்தும், கப்பல் நங்கூரமும் மீன்பிடி வலையும் உலவும் கரையோரத்தில் கம்பிக் கவசத்தால் பருத்தும் இருக்கும்.

இப்போது கண்ணாடியே இல்லாத உள்ளகத்தை நோக்கி ஆராய்ச்சி சென்றுகொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பொள்ளல் இழையில் ஒளி காற்றின் வழியே செல்கிறது. ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய சுவருள்ள கண்ணாடிக் குழல்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்து, அதை நடுவிலேயே நிறுத்திவைக்கின்றன. கண்ணாடியைவிடக் காற்றில் ஒளி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகம் என்பதால் செய்தி முன்னதாகச் சேரும். 2025-இல் வெளியான அளவீட்டின்படி, ஒளி பாதியாகக் குறைய அதற்கு 33 கிலோமீட்டர் வேண்டும். ஆனால் கேபிள் செய்பவருக்கு இது புதிய சங்கடங்களைக் கொண்டுவருகிறது. திறந்த நுனி வழியே ஈரம் நுழையக் கூடாது. இணைக்கும்போது உள்ளிருக்கும் மெல்லிய குழல்கள் உருகி ஒடுங்கிவிடக் கூடாது. சாதாரண இழையோடு சேர்க்கும் இடத்தில், காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் எல்லையில், நூற்றில் 3 அல்லது 4 பங்கு ஒளி திரும்பிவிடாமல் நுனிக்குத் தனிப் பூச்சு இட வேண்டும். இவ்வளவையும் தூசியற்ற ஆராய்ச்சிசாலையில் அல்ல, சாலையோரக் குழியின் அருகே கூடாரம் அடித்து உட்கார்ந்து ஒரு தொழிலாளி செய்து முடித்தாக வேண்டும்.